ஆடை சொல்லும் ஆன்மீகம்



திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், யார் எங்கே போகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. உடையே சொல்லிவிடும். காக்கிச் சட்டையும் கனமான காலணியும் போட்டவர் ஆலைக்குப் போகிறார். ஒளிரும் பட்டை வைத்த மேற்சட்டைக்காரர் துறைமுகத்துக்கோ கன்டெய்னர் யார்டுக்கோ போகிறார். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றியவர் கடற்கரையை நோக்கி நடக்கிறார். சற்று நேரத்தில் சீருடை அணிந்த பிள்ளைகள் தெருவை நிறைப்பார்கள்.

இந்த உடைகளில் எதையும் ஒருமுறை போட்டால் போதும் என்று யாரும் நினைப்பதில்லை. மாலையில் கழற்றுகிறோம், துவைக்கிறோம், காய வைக்கிறோம், கிழிந்திருந்தால் தைக்கிறோம், மறுநாள் மீண்டும் போட்டுக்கொள்கிறோம். புனித பவுலடியார் கிறிஸ்தவ வாழ்வை விளக்க ஆடை என்னும் உருவகத்தைத் திரும்பத் திரும்பக் கையாள்கிறார். திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்கள் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார் (கலா 3:27). ஏற்கனவே திருமுழுக்குப் பெற்றிருந்த உரோமையருக்கோ, ஆண்டவரை அணிந்துகொள்ளுமாறு அறிவுரை கூறுகிறார் (உரோ 13:14). அணிந்தவர்களிடமே மீண்டும் அணியச் சொல்வது ஏன்? ஒருமுறை பெற்ற அருளை நாள்தோறும் உடுத்த வேண்டியிருக்கிறது என்பதால்தான். இந்த உண்மையை நம் மண்ணின் அனுபவத்தோடு இணைத்து இங்கே சிந்திப்போம்.

துணியால் வளர்ந்த மண்

வடசென்னைக்கும் துணிக்கும் உள்ள உறவு பழமையானது. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் பெற்றதற்கு முக்கியக் காரணமே துணி வாணிகம்தான். இந்தக் கடற்கரையின் பருத்தித் துணிகளுக்கும் வண்ணம் தீட்டிய துணிகளுக்கும் வெளிநாடுகளில் அன்று பெரும் வரவேற்பு இருந்தது. நெசவாளர்கள் தந்த காடாத் துணியை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிதான் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நம் திருவொற்றியூரில் நெசவாளர்களுக்கென ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். காலட் பேட்டை என்ற அந்தப் பெயர்தான் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆனது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் எழுந்தன. பின்னி மில் என்று நாம் அழைக்கும் அந்த ஆலைகள் காக்கித் துணிக்குப் பேர்போனவை. 1918 ஏப்ரலில் அந்தத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கங்களில் அதற்கு இடம் உண்டு. 1990-களில் ஆலைகள் மூடப்பட்டுவிட்டாலும், "எங்க அப்பா பின்னி மில்லுல வேலை பார்த்தார்" என்று சொல்லும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்றும் உண்டு. கிறிஸ்துமசுக்குத் துணி எடுக்கப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போகாத வீடுகளும் நம்மிடையே குறைவு.

நெய்தவர்கள், வெளுத்தவர்கள், தைத்தவர்கள், உடுத்துபவர்கள் என்று எல்லாரும் வாழும் மண் இது. ஆகவே விவிலியம் ஆடையைப் பற்றிப் பேசும்போது அது நமக்குப் புரியாத பேச்சு அல்ல.

விவிலியத்தில் ஆடை

விவிலியத்தின் முதல் பக்கங்களிலேயே ஆடை வருகிறது. பாவம் செய்த ஆதாமும் ஏவாளும் அத்தி இலைகளைத் தைத்துத் தங்களை மூடிக்கொள்கிறார்கள் (தொநூ 3:7). ஆனால் அவர்களைத் தோட்டத்திலிருந்து வெளியே அனுப்பும் முன், கடவுளே தோல் ஆடை செய்து அவர்களுக்கு உடுத்துகிறார் (தொநூ 3:21). தண்டனைக்கு நடுவிலும் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துத் தரும் தந்தையாக நம் கடவுள் அங்கே காட்சி தருகிறார். அதே தந்தையைத்தான் ஊதாரி மைந்தன் உவமையில் மீண்டும் காண்கிறோம். மகன் குளித்துவிட்டு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. முதல்தரமான ஆடையைக் கொண்டுவரச் சொல்லி உடுத்திவிடுகிறார் (லூக் 15:22).

நேர்மையை ஆடையாக அணிந்திருந்ததாக யோபு கூறுகிறார் (யோபு 29:14). மீட்பின் உடையைக் கடவுள் தமக்கு உடுத்தியதாக எசாயா மகிழ்கிறார் (எசா 61:10). திருவெளிப்பாட்டில் எண்ணமுடியாத பெருங்கூட்டம் வெண்ணாடை அணிந்து நிற்கிறது (திவெ 7:9). இலையாடையில் தொடங்கிய மனிதகுலத்தின் பயணம் வெண்ணாடையில் நிறைவு பெறுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நம் அன்றாட வாழ்வு நடக்கிறது.

திருமுழுக்கின் வெள்ளாடை

திருமுழுக்கின்போது குழந்தைக்கு வெள்ளாடை அணிவிக்கிறோம். விண்ணகம் சேரும்வரை அந்த ஆடையை மாசின்றிக் காத்துக்கொள்ளும் பொறுப்பு குழந்தைக்கும், அதன் சார்பில் பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் தரப்படுகிறது. தொடக்கத் திருச்சபையில் பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றவர்கள் எட்டு நாள்கள் வெள்ளாடையிலேயே இருந்தார்கள். எனவே உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு வெள்ளாடை ஞாயிறு என்று அழைக்கப்பட்டது. இன்று அதை இறை இரக்க ஞாயிறாகக் கொண்டாடுகிறோம்.

எட்டு நாள்களுக்குப் பிறகு என்ன? அவர்கள் மீண்டும் தங்கள் வேலை உடையைப் போட்டுக்கொண்டு கடைக்கும் வயலுக்கும் படகுக்கும் திரும்பினார்கள். வெள்ளாடையின் உண்மையான சோதனை அன்றுதான் தொடங்கியது. நம் வீடுகளில் பிள்ளையின் திருமுழுக்கு உடையை பீரோவில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருப்போம். நல்லதுதான். ஆனால் அந்த உடையோடு சேர்த்துத் திருமுழுக்கையும் மடித்து வைத்துவிடக் கூடாது. திருமுழுக்கு என்னும் ஆடை பீரோவில் இருக்கும்போது அல்ல, தெருவில் நடக்கும்போது பயன்படும் ஆடை.

களைதல்

கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் முதலில் களையச் சொல்கிறார், பிறகுதான் அணியச் சொல்கிறார் (கொலோ 3:8-12). இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். வியர்வையில் நனைந்த சட்டையின் மேலேயே புதுச் சட்டையைப் போட்டுக்கொள்பவர் யாரும் இல்லை. ஆன்மீகத்தில் மட்டும் நாம் அப்படிச் செய்யப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டாரோடு பேசாமல் இருக்கும் கோபத்தைக் கழற்றாமலே நவநாளைத் தொடங்குகிறோம். கூட்டாளியை ஏமாற்றிய பணத்தைத் திருப்பித் தராமலே கோவிலுக்குக் காணிக்கை செலுத்துகிறோம்.

சினம், சீற்றம், தீமை, பழிச்சொல், வெட்கக்கேடான பேச்சு ஆகியவற்றைக் களையச் சொல்கிறார் பவுலடியார். அந்தப் பட்டியலில் பாதி வாயிலிருந்து வருபவை. வீட்டுக்குள் நுழையும்போது அழுக்கான வேலை உடையை வாசல் பக்கத்திலேயே மாற்றும் வழக்கம் நம் தொழிலாளர் குடும்பங்களில் உண்டு. ஆலையின் தூசி பிள்ளைகள்மேல் படக் கூடாது என்ற அக்கறை அது. சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டையும், லாரி நெரிசலில் ஏறிய எரிச்சலையும் அந்த வாசலிலேயே கழற்றி வைக்க முடிந்தால், எத்தனை வீடுகளில் இரவு உணவு நிம்மதியாக இருக்கும்!

வெளுத்தல்

களைந்த உடையைத் துவைக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையின் பழைய தொழிலை எண்ணிப் பாருங்கள். தறியிலிருந்து வரும் காடாத் துணி பழுப்பாக இருக்கும். அதை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, வெயிலில் உலர்த்துவார்கள். ஒரே தடவையில் வெண்மை வந்துவிடாது. நீரும் நெருப்பும் கல்லும் கதிரவனும் மாறி மாறித் தங்கள் வேலையைச் செய்ய வேண்டும்.

இந்தத் தொழிலை விவிலியம் உயர்வாகவே எடுத்துக்காட்டுகிறது. ஆண்டவரின் வருகையை இறைவாக்கினர் மலாக்கி சலவைத் தொழிலாளியின் சவர்க்காரத்துக்கு ஒப்பிடுகிறார் (மலா 3:2). இயேசு உருமாறியபோது, எந்தச் சலவைக்காரராலும் வெளுக்க முடியாத அளவுக்கு அவருடைய ஆடை வெண்மையானது என்று நற்செய்தியாளர் மாற்கு எழுதுகிறார் (மாற் 9:3). விண்ணகத்தின் ஒளியைச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒப்புமை ஒரு சலவைத் தொழிலாளியின் திறமை!

ஒப்புரவு அருளடையாளம் இத்தகைய வெளுத்தல். கறை புதிதாக இருக்கும்போதே நனைத்தால் எளிதில் போகும். காய்ந்து ஊறிப்போனால் கடினம். ஆண்டுக்கு ஒருமுறை தவக்காலத்தில் மட்டும் பாவசங்கீர்த்தனம் என்று வைத்திருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். சில வேளைகளில் மன்னிப்பு உடனே கிடைத்துவிடும், ஆனால் பழைய பழக்கம் முழுதும் மாறப் பல வெள்ளாவிகள் தேவைப்படும். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. வெளுப்பவர் ஆண்டவர். அவர் துணியைப் பாதியில் தூக்கி எறிவதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கறையும் நாமே ஏற்படுத்திக்கொண்டவை அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. படகிலும் வலையிலும் உடலிலும் உடையிலும் அந்தக் கருப்பு அப்பிக்கொண்டது. மீனவச் சகோதரர்கள் வாளியையும் மக்கையும் கையில் எடுத்து எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. எண்ணெயை வழியவிட்டவர்கள் அவர்கள் அல்லர். ஒருவர்மேல் கறையைப் பார்த்தவுடன் அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்வதற்கு முன், அந்தக் கறை எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் கிறிஸ்தவக் கடமை. குடிகாரர் வீட்டுப் பிள்ளை, சிறை சென்றவரின் மனைவி, கடனில் மூழ்கிய குடும்பம் என்று பிறர் ஏற்படுத்திய கறையைச் சுமப்பவர்கள் நம் அன்பியங்களில் இருக்கிறார்கள்.

உலகின் அழுக்கை வெளுத்தவர்களையே உலகம் தாழ்வாக நடத்தியது நம் சமூகத்தின் பெரும் பாவம். இறுதி இராவுணவில் ஆண்டவர் மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடிகளைக் கழுவினார் (யோவா 13:4-5). அழுக்கைக் கழுவுகிறவர்களின் வரிசையில் அவர் தாமே போய் நின்றார். பெரிய வியாழனன்று நாம் அந்தச் சடங்கைக் காணும்போது, நம் துணியை வெளுப்பவரையும் தெருவைப் பெருக்குபவரையும் எப்படி அழைக்கிறோம், எப்படி நடத்துகிறோம் என்று எண்ணிப் பார்ப்போம்.

உடுத்தல்

இரக்கம், பரிவு, நல்லெண்ணம், மனத்தாழ்மை, கனிவு, பொறுமை ஆகியவற்றை உடுத்துமாறும், இவை அனைத்தையும் பிணைக்கும் அன்பை இவற்றுக்கு மேலாகக் கொண்டிருக்குமாறும் பவுலடியார் கூறுகிறார் (கொலோ 3:12-14). எபேசியர் திருமுகத்தில் போர்வீரரின் கவசத்தை எடுத்துக்காட்டுகிறார் (எபே 6:14-17). நம் பகுதிக்கு இதை மொழிபெயர்த்தால், தலைக்கவசமும் கையுறையும் சேஃப்டி ஷூவும் என்று சொல்லலாம். இவற்றைப் பற்றித் தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். விபத்து என்று நடக்கும் என்று தெரியாததால்தான் தினமும் போட வேண்டும். "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று கழற்றி வைத்த நாளில்தான் கம்பி விழும். காலைச் செபமும் இப்படித்தான். சோதனை எந்தக் கிழமையில் வரும் என்று சொல்லிவிட்டு வருவதில்லை.

உடுத்தும் உடை உடுத்தியவரைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, ஐரோப்பிய அங்கியை விடுத்துத் துறவியின் காவியை உடுத்தினார். காவியை உடுத்தியதோடு நிற்காமல் அதற்குரிய வாழ்வையும் ஏற்றார். புலாலை விட்டார், எளிய குடிலில் வாழ்ந்தார், தமிழையும் வடமொழியையும் கற்றார். அவருடைய வழிமுறை பற்றி எழுந்த எதிர்ப்பு உரோமை வரை சென்றது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வழங்கிய தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. 1656-இல் நம் மயிலாப்பூரில் அவர் இறந்தார். அவருடைய வழியில் காவி உடுத்திய புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தம் உயிரையே தந்தார்.

இன்று நம் பகுதியிலிருந்தும் ஆகஸ்டு மாதத்தில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்பவர்கள் ஏராளம். அந்த நாள்களில் மதுவைத் தொடுவதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை, வெறுங்காலோடு நடக்கிறார்கள். மதிக்கத்தக்க தவம் இது. ஆனால் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா முடிந்து வீடு திரும்பியதும், காவியோடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றிவிடுபவர்களும் உண்டு. விரத நாள்களில் சிரித்துக்கொண்டிருந்த மனைவி, பத்தாம் தேதி மாலையில் மீண்டும் வாசலைப் பார்த்துப் பயப்படுகிறார். "அந்த நாள்ல முடிஞ்சது இப்ப ஏன் முடியல?" என்று பிள்ளை மனத்துக்குள் கேட்கிறது. அன்னையின் பெயரால் குடிக்காமல் இருக்க முடிந்த மனிதருக்கு, அதே அன்னையின் துணையோடு மற்ற நாள்களிலும் முடியும். தேவைப்பட்டால் மருத்துவரின் உதவியையும், மது அடிமைகள் மீட்புக் குழுக்களின் உதவியையும் நாடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. காவியைத் துவைத்து மடித்து வைக்கலாம், விரதத்தை மடித்து வைக்க வேண்டாம்.

தைத்தல்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் துணி கிழியும். உறவும் அப்படித்தான். சிறு கிழிசலாக இருக்கும்போது நான்கு தையல் போதும். விட்டுவிட்டால் கை நுழையும் அளவுக்குப் பெரிதாகிவிடும். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று இயேசு கூறினார் (மத் 9:16). புதுத்துணி சுருங்கும் என்பது தைப்பவர்களுக்குத் தெரியும். அவர் அங்கே நோன்பைப் பற்றிப் பேசினாலும், நம் வீட்டுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. மனம் மாறாமல், புடவையும் நகையும் வாங்கிக் கொடுத்து மட்டும் சண்டையை மூட முடியாது.

சிலுவையடியில் படைவீரர்கள் ஆண்டவரின் மற்ற உடைகளைப் பங்கிட்டார்கள். ஆனால் மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்யப்பட்ட அங்கியைக் கிழிக்கவில்லை (யோவா 19:23-24). மூன்றாம் நூற்றாண்டின் ஆயரும் மறைசாட்சியுமான புனித சிப்ரியான் அந்த அங்கியில் திருச்சபையின் ஒற்றுமையைக் கண்டார். படைவீரர்கள் கிழிக்காத அங்கியைத் தேர்த்திருவிழாக் கணக்குக்காகவும், கொடியேற்றும் முறைக்காகவும், சாதிக்காகவும் நாம் கிழிக்கலாமா?

வாசலில் நிற்பவர்கள்

இப்போது சற்று வலிக்கும் ஒரு செய்திக்கு வருவோம். ஞாயிறு திருப்பலிக்கு வராத சிலரிடம் காரணம் கேட்டால், முதலில் வேலை என்பார்கள், உடம்பு சரியில்லை என்பார்கள். பழகிய பிறகு உண்மை வெளிவரும்: "நல்ல துணி இல்ல ஃபாதர்." புதுநன்மைக்குப் பிள்ளைக்கு வெள்ளை கவுன் எடுக்க வட்டிக்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. கிறிஸ்துமசுக்குப் புதுத்துணி எடுக்க முடியாததால் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து நேராகக் கோவிலுக்கு வருபவர், எண்ணெய் படிந்த சீருடையோடு உள்ளே வரத் தயங்கி, வெளியே மரத்தடியில் நின்று திருப்பலி காண்பதும் உண்டு.

திருத்தூதர் யாக்கோபு இதைத்தான் கண்டித்தார். பளபளப்பான உடையோடு வருபவருக்கு நல்ல இருக்கையும், அழுக்கு உடையோடு வரும் ஏழைக்கு ஓரமும் காட்டுவது கிறிஸ்துவின்மீது கொண்ட நம்பிக்கையோடு ஒத்துப்போகாது என்றார் (யாக் 2:1-4). திருமண ஆடையின்றி விருந்துக்கு வந்தவரைப் பற்றிய உவமையை (மத் 22:11-13) மேற்கோள் காட்டி ஏழையை வாசலில் நிறுத்த முடியாது. அந்த உவமை கேட்கும் ஆடை எம்.சி. ரோட்டில் விற்கும் ஆடை அல்ல. அழைப்பை ஏற்றவர் அதற்கேற்ப வாழ வேண்டும் என்பதே அதன் பொருள். அடகாகப் பெற்ற ஏழையின் போர்வையைக் கதிரவன் மறையுமுன் திருப்பித் தர வேண்டும் என்று பழைய சட்டமே கட்டளையிட்டது (விப 22:26-27). ஏழையின் உடை கடவுளின் கணக்கில் இருக்கிறது.

உடையில் ஒழுங்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற நம் முன்னோரின் சொல் தன்மானத்தைக் கற்பிக்கிறது. ஆனால் அதில் தூய்மை கேட்கப்படுகிறதே தவிர விலை கேட்கப்படவில்லை. கண்ணியமான உடை ஆண், பெண் இருவருக்கும் உரிய பொறுப்பு. பெண்களை மட்டும் நோக்கிச் சுட்டுவிரல் நீட்டுவது முறையன்று. புதுநன்மைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எளிய உடையைப் பங்கே ஏற்பாடு செய்யலாம். வசதி உள்ளவர்கள் தங்கள் பிள்ளைக்கும் அதே உடையை மனமுவந்து ஏற்கலாம். வேலை உடையில் வரும் சகோதரருக்கு முன்வரிசையில் இடம் விட்டு நகர்ந்து உட்காரலாம். இவை சிறு செயல்கள்தாம். ஆனால் ஒரு குடும்பம் திருச்சபைக்குள் இருப்பதும் வெளியே போவதும் சில வேளைகளில் இத்தகைய சிறு செயல்களில்தான் இருக்கிறது.

உடுத்துவித்தல்

ஆடையின் ஆன்மீகம் நம் உடலோடு முடிவதில்லை. இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்றார் திருமுழுக்கு யோவான் (லூக் 3:11). ஆடையின்றி இருந்தவருக்கு உடுத்தியது தமக்கே செய்தது என்று இறுதித் தீர்ப்பில் ஆண்டவர் கூறுவார் (மத் 25:36-40). நான்காம் நூற்றாண்டில் படைவீரராக இருந்த புனித மார்ட்டின், குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் போர்வையை வாளால் வெட்டிப் பாதி கொடுத்தார். 1948-இல் கொல்கத்தாவில் அன்னை தெரேசா நீலக்கரை வைத்த எளிய வெள்ளைச் சேலையை உடுத்தி ஏழைகளிடம் சென்றார். அவருடைய சபையின் அருள்சகோதரிகள் உடுத்தும் சேலைகளைத் தித்தாகரில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் நெய்து தருகிறார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் கை நெய்ததை உடுத்திக்கொண்டுதான் அவர்கள் ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பணி செய்கிறார்கள்.

உடுத்துவிப்பது என்றால் மாண்பைத் திருப்பித் தருவது. அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. நற்செய்தியை ஏற்ற பெண்கள், பெரும்பாலும் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், துணிந்து தோள்சீலை அணிந்தபோது தாக்கப்பட்டார்கள். 1822 முதல் பல கட்டங்களாக நடந்த அந்தப் போராட்டத்தின் பயனாக 1859 ஜூலை 26-ஆம் நாள் அரச அறிவிப்பு வெளிவந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற கட்டுப்பாடு நீடித்தது. கடவுளின் பிள்ளை என்று அறிந்தவர் குனிந்து நடக்க மறுப்பார் என்பதற்கு அந்தத் தாய்மார் சாட்சி.

நமக்கு மிக அருகில் இருக்கும் முன்மாதிரி யாப்பாவின் தபித்தா. யாப்பாவும் நம் ஊரைப் போலத் துறைமுக ஊர். அவர் இறந்தபோது, ஏழைக் கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, தபித்தா தங்களுக்குச் செய்து தந்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டி அழுதார்கள் (திப 9:39). அவரைப் பற்றி யாரும் உரையாற்றவில்லை. மற்றவர்கள் உடலில் இருந்த துணியே அவருடைய வாழ்க்கை வரலாறாக இருந்தது. நம் வீடுகளில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து பீஸ் கணக்கில் தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மாரே, தபித்தா உங்கள் தோழி. உங்கள் வேலை செபத்துக்குக் குறைந்தது அல்ல.

கடைசிக் கோடி

ஒருவர் இறந்தால் உறவினர் கோடி கொண்டுவந்து போர்த்துகிறோம். சவப்பெட்டியின்மேல் விரிக்கும் வெள்ளைத் துணி திருமுழுக்கின் வெள்ளாடையை நினைவூட்டுவது என்று திருச்சபை கற்பிக்கிறது. முதல் வெள்ளாடையை நாமே உடுத்திக்கொள்ளவில்லை, பிறர் உடுத்தினார்கள். கடைசி வெள்ளாடையையும் பிறர்தான் உடுத்துவார்கள். நடுவில் உள்ள நாள்களில் உடுத்துவது நம் கையில் இருக்கிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. காலையில் பட்டனைப் போடும்போதோ சேலை மடிப்பு வைக்கும்போதோ, இன்று யாரிடம் பொறுமை தேவைப்படும் என்று ஒரு பெயரை நினைத்து செபிக்கலாம். மாலையில் உடை மாற்றும்போது, இன்று எதைக் கழற்ற வேண்டும் என்று ஒரு நிமிடம் கேட்கலாம். வாரத்துக்கு ஒருமுறை துணி துவைக்கும் நாளில், ஒப்புரவு ஆக வேண்டிய ஒருவரை எண்ணலாம். ஆண்டுக்கு ஒருமுறை பீரோவைத் திறந்து, கிழிந்ததை அல்ல, நல்லதை எடுத்து, வாங்குபவர் கூசாதபடி கொடுக்கலாம்.

உடுத்தும்போது சொல்ல ஒரு சிறு செபம்

ஆண்டவரே, என்னை உமது வெள்ளாடையால் உடுத்தினீர். நேற்றுப் பட்ட அழுக்கை உம்மிடம் கழற்றித் தருகிறேன், வெளுத்துத் தாரும். இன்று இந்த உடையோடு உமது பொறுமையையும் நான் உடுத்திக்கொள்ளச் செய்யும். என்னைப் பார்த்து யாரும் கூச்சத்தோடு விலகாதிருக்கட்டும். நான் சந்திக்கும் ஒருவரையாவது உமது அன்பால் போர்த்த எனக்கு அருள்தாரும். ஆமென்.